டூரிஸ்ட்டுக்கு ஒரு பாத்ரூம்

மலைமேல் குண்டூர் நாட்டில் எங்கள் ஊருக்கு யார் விருந்தாளி வந்தாலும், எங்கள் வீட்டுப் பாத்ரூமைப் பார்க்காமல் போனதில்லை. மிளகு நல்ல விலைக்குப் போன வருஷம் என் வீட்டுக்காரர் அண்ணாமலை ஆசை ஆசையாகக் கட்டியது. தரையும் வெள்ளை, சுவரும் வெள்ளை, முகம் பார்க்கிற பளபளப்பு. வந்தவர்களுக்குக் காபி கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கதவைத் திறந்து காட்டிவிடுவார். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். கழுவுகிறவள் நான் என்பதால் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

போன வருஷம் மிளகு பறிக்கக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறியவர் ஏணியோடு சரிந்து விழுந்தார். இடுப்பில் தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் இடது பாதம் மரத்துப்போனது போனதுதான். கோல் ஊன்றி நடக்கிறார், காட்டுக்குக்கூடப் போய் வருகிறார். பாத்ரூமுக்குள் மட்டும் தனியாகப் போக முடியாது. அந்தப் பளபளப்பில் ஈரம் பட்டால் நல்ல காலே நிற்காது, மரத்த கால் எங்கே நிற்கும்? அதனால் நான்தான் குளிப்பாட்டிவிட்டேன். முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். நான் தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை ஒருநாளும் என் முகத்தைப் பார்த்ததில்லை. ஊரில் அவரைப் போல மரமேறுகிற ஆள் கிடையாது என்று பேர் வாங்கியவர். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குளிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு இப்போது வேண்டியிருந்தது. அதை வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார்.

ஒருநாள் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்த நேரம் பார்த்து, தானே குளிக்கிறேன் என்று உள்ளே போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் கிடக்கிறார். முழங்கையில் ரத்தம். கூப்பிட்டிருக்கக் கூடாதா என்றேன். என் தோளைப் பிடித்து எழுந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தரையை மாற்ற வேண்டும், சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்க வேண்டும் என்றேன். ஊடு என்ன ஆஸ்பத்திரியா என்றார். எனக்கு வந்த கோபத்தில் சுத்தியலை எடுத்துவந்து நட்ட நடுவில் ஒரு டைல்ஸை உடைத்துப் போட்டேன். இனி மாற்றாமல் இருக்க முடியாதல்லவா? அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை. சோறு வேண்டுமென்றால் தட்டை மட்டும் நகர்த்துவார். ஆனால் சேந்தமங்கலத்துக்குப் போய் டைல்ஸ் பார்க்கப் போகிறேன் என்று நான் புடவை மாற்றியதும், அவரும் வேட்டியை மாற்றிக்கொண்டு கோலை எடுத்துவிட்டார்.

“உன்னைய உட்டா பார்க்கிங் டைல்ஸ வாங்கியாந்து ஒட்டிருவ” என்றார்.

பஸ்ஸில் மலை இறங்குகிற அத்தனை வளைவுக்கும் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தக் கம்பியைப் பிடிப்பதில் அவருக்கு ஒரு வெட்கமும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கடையில் ரமேஷ்குமார் என்ற பையன் எங்களைக் கவனித்தான். பையன் என்றால் கல்யாணமான பையன், நெற்றியில் பட்டையும் சட்டையில் பேனாவுமாக இருந்தான். யாருக்குங்க, எத்தனை பேர் புழங்குவாங்க என்று மரியாதையாகத்தான் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

“வாசலூர்பட்டிப் பக்கம் போட்டிங்குக்கு நெறய சனம் வருதுங்க. டூரிஸ்ட்டுக்கு ஒரு ரூம் உடலாம்னு இருக்கறோம். அதுக்குத்தானுங்க.”

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது ரூம்? மரவள்ளிக் கிழங்கை அடுக்கவே இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

ரமேஷ்குமாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. சுவர் முழுக்க அருவி கொட்டுகிற படம் போட்ட டைல்ஸைக் காட்டினான். நிஜ அருவியை விட்டுவிட்டு எங்கள் பாத்ரூமில் வந்து யார் அருவி பார்ப்பார்கள்? தங்க நிறத்தில் குழாய், கண்ணாடியைச் சுற்றி நீல வெளிச்சம், மரப்பலகை போலவே ஒரு தரை. என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் நல்லாருக்குதுங்க என்று தலையாட்டினார். பழைய அண்ணாமலை திரும்பி வந்த மாதிரி இருந்தது. பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, முதுகில் ஒன்று வைக்கலாமா என்றும் இருந்தது.

சரி, அவர் பாட்டிலேயே போகலாம் என்று நானும் இறங்கினேன். டூரிஸ்ட் என்றால் வயசானவர்களும் வருவார்கள், விழுந்து வைத்தால் நாங்கள்தானே பதில் சொல்ல வேண்டும் என்றேன். ரமேஷ்குமார் அதைப் பிடித்துக்கொண்டான். இப்போதெல்லாம் தங்கும் விடுதிகளில் அதைத்தான் முதலில் கேட்கிறார்களாம். உள்ளே போய்ச் சுவரில் பதிக்கிற கைப்பிடிக் கம்பியைக் கொண்டுவந்தான். வீட்டில் ஆஸ்பத்திரியா என்று கேட்டவர், அதைக் கையில் வாங்கி முறுக்கிப் பார்த்தார், கனம் பார்த்தார். ரெண்டு போடுங்க, டூரிஸ்ட்டு பாவம் என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைக்கிற மாதிரி வாயை மூடிக்கொண்டேன்.

தரைக்கு வந்தபோது மூன்று டைல்ஸை எடுத்துக் கீழே போட்டான். எல்லாமே வழுக்காதது என்றான். கடை வெளிச்சத்தில் காய்ந்து கிடக்கும்போது எதுதான் வழுக்கும்? ஒரு சொம்பு தண்ணீரும் கை கழுவுகிற சோப்பும் கேட்டேன். கொஞ்சம் முழித்தான், ஆனாலும் கொண்டுவந்தான். மூன்றின் மேலும் தண்ணீரை ஊற்றி, சோப்பைத் தேய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன். கடையில் இருந்த மற்ற சனமெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறி நின்றேன். மூன்றும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தது. என் கால் நல்ல கால். தரை எப்படி இருந்தாலும் விரலை மடக்கிச் சமாளித்துக்கொள்ளும். அதை வைத்து அவருக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். என்னை நகரச் சொன்னார். கோலை என்னிடம் கொடுத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, இடது செருப்பை வலது காலாலேயே தள்ளிக் கழற்றினார். சூம்பிப்போன அந்தப் பாதத்தை அவர் வெளி ஆட்கள் முன்னால் காட்டி நான் பார்த்ததில்லை.

ரமேஷ்குமார் பதறிப்போய், நீங்க எதுக்குங்க, கடைப் பையனை நிற்கச் சொல்கிறேன் என்றான்.

“நான்தானுங்க குளிக்கோணும்” என்றார் அவர். “டூரிஸ்ட்டெல்லாம் யாரும் இல்லீங்க. இந்தக் காலுக்குத்தான் டைல்ஸு வேணும்.”

அவர் யார் முகத்தையும் பார்க்காமல், குனிந்து பாதத்தையே பார்த்தபடி முதல் டைல்ஸில் எடையைப் போட்டார். கால் சர்ரென்று போனது. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது பரவாயில்லை, ஆனால் திரும்பும்போது குதிகால் நழுவியது. மூன்றாவது சொரசொரப்பான கருஞ்சாம்பல் நிறம். அதில் அழுத்தினார், திரும்பினார், என் தோளிலிருந்து கையை எடுத்தார். நின்றார். அவர் எத்தனையோ உயரத்தில் நின்று நான் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் வராத பெருமை, ஒரு டைல்ஸின் மேல் அவர் நின்றபோது வந்தது. கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

அப்புறம் மறைக்க எதுவும் இல்லாததால் அவரே எல்லாம் சொன்னார். பாதத்தில் உணர்ச்சி இல்லாததால் கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் வைக்கிறாராம். வெள்ளைத் தரையில் தண்ணீர் தேங்கியிருப்பதும் தெரியவில்லை, தரை எங்கே முடிந்து சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்பதும் தெரியவில்லை. ரமேஷ்குமார் கருஞ்சாம்பல் டைல்ஸுக்குப் பக்கத்தில் வெளிர் மஞ்சள் சுவர் டைல்ஸை நிறுத்திக் காட்டினான். இப்பத் தெரியுதுங்க என்றார். பல்பு எங்கே இருக்கிறது என்று கேட்டான். கதவுக்கு மேலே என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே நுழைகிறவரின் முதுகில் வெளிச்சம் விழுந்தால், கால் வைக்கிற இடத்தில் அவர் நிழல்தானே விழும்? சாயங்காலங்களில் அவர் வாசலிலேயே தயங்கி நின்றதைப் பயம் என்று நினைத்திருந்தேன். தன் காலைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறார்.

எதிர்ச் சுவரிலும் பக்கச் சுவரிலுமாக மாட்ட இரண்டு விளக்கு வாங்கினோம். மலையில் மழை என்றால் கரண்ட் நிற்காது, அதனால் கரண்ட் போனாலும் எரிகிற பல்பாகவே எடுத்தோம். கிளம்பும்போது அவர் சுவருக்கு மட்டும் ஒரு வரிசை, பச்சை மிளகு நிறத்தில் பளபளவென்று இருந்ததைக் கேட்டார். மறுபடியும் பளபளப்பா என்றேன்.

“சுவத்துல ஆரு நடக்கப் போறாங்க?” என்றார். நியாயம்தான்.

வேலைக்கு அடிவாரத்திலிருந்து கொத்தனார் சின்னான் வந்தார். என் வீட்டுக்காரர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேலை வாங்கினார். தண்ணீர் ஓடுகிற வாட்டம் சரியில்லை என்று ஒரு மூலையைப் பிரித்து ஒட்டச் சொன்னார். கம்பிக்கு டேப்பால் அளக்க வேண்டாம், என் கை எட்டுற இடத்துல வைங்க என்று உட்கார்ந்தும் நின்றும் காட்டினார். பதித்துக் காய்ந்தபின் முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டுப் பார்த்தார். சின்னான்தான் பயந்துபோனார்.

முதல் நாள் குளியலுக்கு வெந்நீரைக் கொண்டுபோய் உள்ளே வைத்தேன். போதும், போ என்றார். கதவு சாத்தியது, தாழ்ப்பாள் விழுந்தது. நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, கூட்டின இடத்தையே கூட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. நின்றது. கூட்டுவதை நானும் நிறுத்தினேன். மறுபடி கேட்டது. கதவைத் தட்ட எழுந்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

தலை துவட்டி, வேட்டியை இறுக்கிக் கட்டி, வெளியே வந்தார். என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“வெந்நீர்ல பாதி இருக்குது. உனக்கு வெளாவி வெச்சிருக்கறேன், போ” என்றார்.

அடுப்பில் வேலை இருக்கிறது, அப்புறம் குளிக்கிறேன் என்றேன்.

“நான் உழுந்ததுலேர்ந்து நீ கதவச் சாத்திக் குளிச்சதே இல்ல, புள்ள. எனக்கு என்னமோ ஆயிரும்னு தொறந்து வெச்சுக்கிட்டு, ரெண்டு சொம்பு ஊத்திட்டு ஓடியார. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? தாப்பாளப் போட்டுக்கிட்டு நிம்மதியாக் குளி. அடுப்ப நான் பாத்துக்கறேன்.”

உள்ளே போனேன். தாழ்ப்பாளைப் போட்டேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லை, இருந்தாலும் கொண்டையை அவிழ்த்து, தலைக்கே ஊற்றிக்கொண்டேன்.