ஈரச் சாக்கு

பயிற்சி முடிந்து வந்த மறுநாள் மூக்காண்டி நெய்து இறக்கிய சேலையை, முதலாளி சண்முகையா வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். பதினோரு இடத்தில் இழை விட்டிருந்தது. போவதற்கு முன்னால் பத்து இருக்கும். மதுரையில் பதினைந்து நாள் சோறு போட்டு, கரும்பலகையில் தறியை வரைந்து காட்டி, முத்திரை குத்திய சர்டிபிகேட்டையும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒரு பிழை கூடியதுதான் மிச்சம்.

"படிச்சிட்டு வந்த லெச்சணத்தப் பாத்தீரா வே?" என்று மேஸ்திரி ஞானஒளிவிடம் சேலையை நீட்டினார். "ஆடித்தவசுத் திருநாள் வரைக்கும் பாக்கேன். பொறவும் இப்படித்தான்னா ஊரப் பாத்துப் போகச் சொல்லிரும்."

ஊரைப் பார்த்துப் போக மூக்காண்டிக்கு ஊரில் என்ன இருக்கிறது? குருவிகுளத்துக்குக் கிழக்கே மானாவாரி நிலம். மூன்று வருஷம் மழை ஏமாற்றியதில் மாட்டை விற்றுவிட்டு, பெண்டாட்டியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்தவன். நாற்பது வயதுக்கு மேல் தறி பழகியவன். இந்த வேலையும் போனால் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே தீப்பெட்டி ஒட்டப் போகவேண்டியதுதான். அது ஞானஒளிவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியாதது அவருடைய சீக்கு.

பின்கொட்டகையில் நாலு விசைத்தறி. இரண்டை மூக்காண்டியும் இரண்டைப் பேச்சித்தாயும் ஓட்டினார்கள். ஞானஒளிவு மூன்று நாள் வேறு ஜோலி பார்ப்பதுபோல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார். மூக்காண்டியின் கையில் குற்றம் இல்லை. ஒரு இழையை முடிந்து நிமிர்வதற்குள் அடுத்தது தெறித்தது. மனுஷன் என்ன செய்வான்? நாலாம் நாள் காலையில் சாரல் அடித்தது. மத்தியானம் வரை ஒரு இழைகூட அறவில்லை. வெயில் வந்து, மேல்காற்று திரும்பவும் ஜன்னல் வழியாகத் தறிமேல் விழுந்ததும் பழைய கதை ஆரம்பித்தது. ஞானஒளிவு தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். ஆடிக் காற்று நூலைக் காயப்போட்டு அறுக்கிறது. அதற்கு இவனை மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள், காற்றை விட்டுவிட்டு.

அன்றைக்கே ஜன்னலில் இரண்டு கோணிச்சாக்கை நனைத்துக் கட்டினார். முதுகுக்குப் பின்னால் எரிந்த பல்பைக் கழற்றி, சொந்த நிழல் நூலில் விழாதபடி தறிக்கு முன்னால் மாட்டினார். ஊடைநூல் சுற்றிய தார்கள் இருந்த கூடை தரையில் கிடந்தது. ஒவ்வொரு தாருக்கும் மூக்காண்டி குனிந்து நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பலகை அடித்து அதை இடுப்புயரத்துக்கு ஏற்றினார். எல்லாம் முடிந்த பிறகு, போதாக்குறைக்கு, உடைந்த பெட்டியின் சட்டத்தில் ஒரு முக்காலியும் செய்து போட்டார். "ஓடுத நேரம் உக்காந்து பாருலே மக்கா. காலு மரத்துப்போனா கண்ணும் மரத்துப்போவும்" என்றார்.

பத்தாம் நாள் மூக்காண்டி இறக்கிய சேலையில் ஒரு பிழை. அதற்கடுத்ததில் ஒன்றும் இல்லை. பேச்சித்தாயின் தறிகளும் சேர்ந்தே திருந்தின. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலில் ஞானஒளிவு கண்ணை மூடி மூக்காண்டி பேரைச் சொல்லியே ஸ்தோத்திரம் பண்ணினார். கொஞ்சம் பெருமையும் கலந்த ஸ்தோத்திரம்தான்.

தவசு முடிந்த மறுநாள் முதலாளி பின்கொட்டகைக்கு வந்தார். மூக்காண்டியின் இரண்டு தறியும் தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. மூக்காண்டி முக்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்து, இமைக்காமல் நூலையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி சேலையைப் பார்த்தார். சாக்கைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் முக்காலியைப் பார்த்தார்.

"கெட்டிக்காரன் வே நீரு" என்றார், வெளியே வந்து. "இழையே அறுகலன்னா ஆளுக்கு என்ன ஜோலி? உக்காந்துல்லா இருக்கான். நாலு தறிக்கும் ஒரு ஆளு போதும்."

"மொதலாளி, அவனுக்காகத்தான் இதெல்லாம் செஞ்சேன்."

"யாருக்காகச் செஞ்சா என்ன? பேச்சித்தாய் நிக்கட்டும். கையும் வேகம், எதுத்தும் பேசமாட்டா. இவன சனிக்கிழமையோட நிறுத்திரும்."

ஞானஒளிவு இரண்டு நாள் கெஞ்சினார். முன்கொட்டகையில் எட்டுத் தறி இருக்கிறதே, அங்கே போடலாமே என்றார். "நல்லதாப் போச்சி, அங்கனயும் சாக்கு கட்டும்" என்றார் முதலாளி. அங்கேயும் ஆள் குறைத்துவிடுவாரே என்று, அதற்குமேல் பேச ஞானஒளிவுக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மூக்காண்டி சர்டிபிகேட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து நின்றான். "இப்ப பிழை ஒண்ணுமில்லையே, அண்ணாச்சி?"

"இல்லலே."

"அப்பொறம் ஏன்?"

ஞானஒளிவு சம்பளக் காசை எண்ணி அவன் கையில் வைத்தார்.  மூக்காண்டி வாளியை எடுத்துப் போய், வழக்கம்போலச் சாக்கை நனைத்துவிட்டுத்தான் போனான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் ஞானஒளிவு அன்றைக்குச் சோறாவது தின்றிருப்பார்.

திங்கட்கிழமை காலையில் அவர் வாளியைத் தொடவில்லை. இழை அறட்டும். முதலாளி கண்ணால் பார்க்கட்டும். நாலு தறிக்கு ஒரு ஆள் பத்தாது என்று அவர் வாயாலேயே சொல்லி, மூக்காண்டிக்கு ஆள் அனுப்பட்டும். பத்து மணிக்குக் காற்று எழும்பியது. சாக்கு மொறமொறவென்று காய்ந்து ஜன்னலில் அடித்துக்கொண்டது. முதல் இழை அறுந்தபோது, எத்தனையோ நாளைக்குப் பிறகு ஞானஒளிவின் நெஞ்சு லேசானது.

மூன்றாவது, நாலாவது என்று அறுந்தபோது அவர் எண்ணுவதை நிறுத்தினார். பேச்சித்தாய் ஒரு தறியை நிறுத்தி முடிந்துவிட்டு அடுத்ததுக்கு ஓடினாள். அங்கிருந்து மூன்றாவதுக்கு. கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது. அள்ளி முடியக்கூட நேரம் இல்லை. கடைசியில் அவளே வந்து அவர் முன்னால் நின்றாள். மூச்சு இரைத்தது. நெஞ்சில் ஒரு சேலையை அணைத்துப் பிடித்திருந்தாள்.

"ஒம்பது எடம் விட்டுருக்கு, அண்ணாச்சி. சாக்கு காஞ்சி கெடக்கு. என்னையும் அனுப்பப் போறியளா?"

ஞானஒளிவு எழுந்து வாளியை எடுத்தார். தொட்டியில் முக்கி, இரண்டு கையாலும் தூக்கிச் சாக்கின்மேல் ஊற்றினார். இன்னொரு வாளி. பேச்சித்தாய் தறிகளுக்கு ஓடிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் நாலும் ஒன்றாக ஓடத் தொடங்கின. நிற்கவே இல்லை. சாக்கிலிருந்து வடிந்த தண்ணீர் தரையில் ஓடி, யாரும் உட்காராத முக்காலியின் காலடியில் தேங்கியது.