திங்கட்கிழமைக் கைத்தட்டல்

1.

இந்தக் கதை என்னுடையதில்லை, எர்லீனிடம் திருடியது. சிகாகோவில் அவளுடைய முடியலங்காரக் கடைக்கு மேல்மாடியில் முப்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். (எண்பத்து நான்கு வயதுக்காரியை 'அவள்' என்கிறேனே என்று கோபிக்காதீர்கள். கதைக்குள் அவளுக்கு இருபத்தைந்து.)

முதல் வரி: 'ஆர்டீலியா ப்ரூயிட் பியானோவைத் தொட்டால் மழை...'

சே, வேண்டாம். எர்லீனின் தோழி ஆர்டீலியா பியானோவைத் தொட்டுப் பாட ஆரம்பித்தால் ஜனங்கள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைப்பார்கள், அவ்வளவுதான்.

2.

1966. முடியலங்காரக் கடைகளுக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை. எர்லீனும் மற்றக் கடைக்காரப் பெண்களும் மத்தியானமே ஆர்டீலியா பாடும் மதுக்கூடத்தில் வறுத்த மீனோடு உட்கார்ந்துவிடுவார்கள். தேவாலயத்தில் பழகிய கைகள். தாளத்தின் இரண்டாவது அடியிலும் நான்காவது அடியிலும் பிசகாமல் தட்டும்.

"அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?" என்பான் டிரம் வாசிக்கும் கிளியோஃபஸ்.

"அழகுக்குத்தான்" என்பாள் ஆர்டீலியா.

அந்தத் திங்கட்கிழமைகளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஏக்கமாக இருக்கிறது.

3.

ஒரு கம்பெனி ஆர்டீலியாவின் பாட்டை இசைத்தட்டாகப் பதிவுசெய்ய வந்தது. அதே மதுக்கூடத்தில், கூட்டத்துக்கு நடுவில், ஆனால் வியாழக்கிழமை.

"நீ வந்துடுடீ. நீ தட்டலைன்னா எனக்கு இடது கை தடுமாறும்" என்றாள் ஆர்டீலியா எர்லீனிடம்.

"கடையைச் சாத்திட்டாவது வர்றேன், போ."

வியாழக்கிழமை மாலை எர்லீனின் நாற்காலியில் ஒரு கல்யாணப் பெண். பாதித் தலை சூடான சீப்பால் நீவியாயிற்று, மீதி சுருட்டை. எப்படி விட்டுவிட்டு ஓடுவது?

அங்கே கம்பெனி அழைத்த விருந்தாளிகள் தப்பாக முதல் அடியிலும் மூன்றாவது அடியிலும் தட்டினார்கள். ஆர்டீலியா பாட்டை நிறுத்தினாள்.

"எர்லீன் வந்தாச்சா?"

பதிவுக் கருவி ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் பாடி முடித்தாள். அதுதான் அவளுடைய ஒரே இசைத்தட்டு. அதற்குப் பிறகும் இருபத்தைந்து வருஷம் திங்கட்கிழமைகளில் பாடினாள். எர்லீனிடம் அன்றைக்கு ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை, சாகும்வரை.

4.

முடிவு (அ): மறுவாரம் ஆர்டீலியா அவளைத் திட்டித் தீர்த்துவிட்டுச் சிரிக்கிறாள். பொய், நடக்கவில்லை.

முடிவு (ஆ): எர்லீன் ஆசைப்பட்டுக் கேட்டது. "கதையிலயாவது அன்னிக்கு என்னை உள்ள விடேன், தம்பி." ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"அந்த வரியை அடிச்சிடு. நான் போயிருந்தா 'எர்லீன் வந்தாச்சா'ன்னு அவ கேட்டிருக்கவே மாட்டாளே. அந்த ரெக்கார்டுல என் பேரு வர்றது அந்த ஒரு இடத்துலதான்."

அடித்துவிட்டேன். அடித்த வரி இன்னும் படிக்கிற மாதிரித்தான் இருக்கிறது. முழுக்க அழிக்க எனக்கு மனசு வரவில்லை, நீங்களே முடிவு செய்யுங்கள்:

[எர்லீன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.]