பக்கத்துப் பக்கத்துக் கற்றையில் மழை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெரியக்கா என்று பெயர். ஆறு வருடமாக அங்கேயே பழியாய்க் கிடப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? செயற்கைக்கோள் தரையை நோக்கி வீசும் நாற்பது சிக்னல் கற்றைகளில் எதற்கு எவ்வளவு மின்திறன் கொடுப்பது என்று நொடிக்கு நொடி கணக்குப் போடும் நிரல் அவளுடையது. மழை பெய்கிற இடத்தில் சிக்னல் மங்கும். அங்கே கூடுதலாகத் தள்ள வேண்டும். இதற்காகவே கல்யாணத்தை இரண்டு தடவை தள்ளிப்போட்டிருந்தாள்.

ஒரு நாள் அது ஆய்விதழில் வந்தது. நெறியாளர் பேரும், ஜூனியர் குட்டியின் பேரும் போட்டு. அவள் பேர் கடைசிப் பக்க நன்றியில்.

நேரே போய்க் கேட்டாள்.

"நீ எழுதி முடிப்பேன்னு இன்னும் எத்தனை வருஷம்மா காத்திருக்கிறது?" நெறியாளர் நிமிரக்கூட இல்லை. "நன்றி போட்டிருக்கோம்ல?"

குட்டிக்கு ஒன்றும் தெரியாது. சார் தன்னுடையது என்று சொல்லிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டவள். "அக்கா, வைவாவுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்று அந்த நிரலை வைத்து எழுதிய ஆய்வேட்டை நீட்டினாள்.

பெரியக்கா பார்த்தாள். பக்கத்துப் பக்கத்து இரண்டு கற்றைகளில் ஒரே நேரத்தில் மழை பிடித்தால் கணக்கு குப்புற விழும். மற்ற முப்பத்தெட்டும் பட்டினி. இரண்டு வருடமாக அவளால் அடைக்க முடியாத ஓட்டை. அது அப்படியே இருந்தது.

"நல்லா இருக்கு குட்டி. தைரியமாப் போ."

வைவா என்ற அந்த வாய்மொழித் தேர்வுக்குக் குட்டியின் அப்பா அம்மா புதுத்துணி உடுத்தி வந்திருந்தார்கள். பார்வையாளர்களின் கேள்வி நேரம் வந்ததும் பெரியக்கா எழுந்தாள்.

"பக்கத்துப் பக்கத்துக் கற்றையில மழை பெஞ்சா என்ன ஆகும்? இப்பவே ஓட்டிக் காட்டுங்களேன்."

குட்டி ஓட்டினாள். திரையில் கோடுகள் மளமளவென்று சரிந்து பூஜ்யத்தில் படுத்தன.

"அக்கா... நீங்க பாத்தீங்களே?"

மைக் அதையும் அரங்கத்துக்கே சொன்னது.

வெளித் தேர்வாளர் நெறியாளரைப் பார்த்தார். நெறியாளர் கொஞ்சமும் கூசவில்லை. "சரிபாக்கச் சொன்னேன். பொண்ணு காதுல போட்டுக்கல."

ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமே குட்டி மேசையைக் காலி செய்தாள். பெட்டியைத் தூக்க வந்த அப்பா பெரியக்காவிடம் வந்து நின்றார். "வீட்ல எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுதாம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சாயங்காலம் நெறியாளர் கூப்பிட்டனுப்பினார்.

"அந்த ஓட்டையை அடைக்க உன்னைவிட்டா ஆள் இல்ல. அடுத்த பேப்பர்ல என் பேரு முதல்ல, உன் பேரு ரெண்டாவது. என்ன சொல்ற?"

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"எப்பக்குள்ள வேணும் சார்?"