ரதீசன் மாக்கிரட்

பத்திநாதர் மகன் ரதீசனின் படத்தை, பிரேதம் வைத்திருந்த மலர்ச்சாலை அறையின் வாசலில் நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். சிவப்புச் சட்டை, தோளை அகலமாகக் காட்டும் கவசம், கையில் ஐஸ் ஹொக்கி மட்டை. சிரிப்பில் ஒரு பல் இல்லை.

"அப்பா, இது தம்பிக்கு இருபத்தொரு வயசிலை எடுத்தது," என்றாள் மகள் வினோஜா. "தாடியெல்லாம் நரைச்ச ஆளுக்கு இதையா வைக்கிறது? புதுப் படம் என்ரை போனிலை கிடக்கு."

"இதுதான் வடிவு."

அவளுடைய போனில் இருந்த ரதீசன் கிற்றாரோடு நின்றான். அவள் போனை மூடிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை நித்திரையிலேயே அவனுடைய இருதயம் நின்றுபோயிற்று. நாற்பத்து மூன்று வயது. இன்று சனிக்கிழமை. மொன்றியல், பியர்பொன்ட்ஸ் தேவாலயத்துச் சனம் பிரேதத்தைப் பார்க்க வந்துகொண்டிருந்தது. புவாண்ட்-கிளேர் பண்டகசாலையில் பத்திநாதரோடு முப்பது வருடம் வேலை செய்த நீக்கிலாப்பிள்ளை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"யூனிவர்சிற்றி ரீமிலை ஒரேயொரு தமிழ்ப் பெடியன், அண்ணை. கடைசி வருசம் இருபத்தைஞ்சு கோல் அடிச்சவனெல்லே?"

"இருபத்தேழு."

"பேந்து ரொறன்ரோவிலை கொம்பியூட்டர் வேலை எண்டனீங்கள்."

"ஓம்," என்றார் பத்திநாதர். இந்த இடத்தில்கூட அந்தப் பொய் தடங்கலில்லாமல் வந்தது.

ரதீசன் மொன்றியலை விட்டு எங்கும் போகவில்லை. படிப்பு முடிந்ததும் இரண்டு தொழில்முறை அணிகள் கூப்பிட்டன. அவன் சறுக்குச் சப்பாத்துகளைக் கராஜில் வைத்துவிட்டு பார்களில் பாடத் தொடங்கினான். முதல் நிகழ்ச்சியின் சுவரொட்டியைத் தகப்பனிடம்தான் கொண்டுவந்து காட்டினான். "குடிக்கிற இடங்களிலை என்ரை பேரை ஒட்டாதை," என்றார் அவர். அவன் சுவரொட்டியைச் சுருட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு நத்தார்ப் பண்டிகைக்கு வந்து சாப்பிட்டான். தாய் மாக்கிரட்டின் செத்தவீட்டில் பெட்டி தூக்கினான். பாட்டைப் பற்றி அவன் சொல்லவும் இல்லை, இவர் கேட்கவும் இல்லை.

மலர்ச்சாலைப் பணியாளர் வந்து பிரெஞ்சில் தணிந்த குரலில் சொன்னார்: "வெளியில் பதினைந்து பேர் ஒரு மணித்தியாலமாக நிற்கிறார்கள். ரதீசன் மாக்கிரட் என்பவரைத் தேடுகிறார்கள். அப்படியொரு பெயர் எங்களிடம் இல்லை."

பத்திநாதர் மகளைப் பார்த்தார்.

"தம்பி அந்தப் பேரிலைதான் பாடினவன், அப்பா," என்றாள் வினோஜா. "உங்கடை பேரை விட்டிட்டு அம்மான்ரை பேரைப் போட்டவன்."

நடைபாதையில் அவர்கள் ஈர மேலங்கிகளோடும் வாத்தியப் பெட்டிகளோடும் நின்றார்கள். உள்ளே வந்து தேடி, அறை வாசலில் இருந்த படத்தைப் பல தடவை கடந்து போயிருக்கிறார்கள். ஒருவருக்கும் அது அவன் என்று தெரியவில்லை. ஆளுயர பேஸ் வாத்தியத்தைத் தோளில் சாய்த்து வைத்திருந்த நரைமுடிப் பெண் தன் பெயர் ஜினெத் என்றாள். வினோஜா, "இவர்தான் எங்கள் அப்பா," என்றாள்.

பத்திநாதர் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். ஜினெத் அதற்குள் அவருடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு வினோஜாவிடம் பிரெஞ்சில் பேசினாள்.

"அவருக்குக் கேட்காது என்று தெரியும். ரதீசன் சொல்லியிருக்கிறான். பண்டகசாலை இயந்திரங்களால் காது போய்விட்டதாம். அதனால்தான் ஒரு நாளும் எங்கள் நிகழ்ச்சிக்கு வரவில்லையாம். என் ஹொக்கி ஆட்டம் ஒன்றைக்கூட விடாத மனுசன், கேட்குமென்றால் முன்வரிசையில் இருப்பார் என்பான்."

முப்பது வருடப் பண்டகசாலைப் பிரெஞ்சு. ஒரு சொல் தப்பாமல் அவருக்குக் கேட்டது, விளங்கியது.

"அப்பா..." என்றாள் வினோஜா.

அவர் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், வேண்டாம் என்று. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

உள்ளே வாசிக்கலாமா என்று ஜினெத் கைகளால் கேட்டாள். உள்ளே நீக்கிலாப்பிள்ளை இருந்தார். கொம்பியூட்டர் வேலை என்று இவர் சொல்லி வைத்திருந்த சனம் முழுக்க இருந்தது. பத்திநாதர் கதவை அகலத் திறந்துவிட்டார்.

சவப்பெட்டியின் அருகே நின்று முதல் பாட்டை வாசித்தார்கள். நீக்கிலாப்பிள்ளை அவருடைய காதுக்குள் குனிந்தார். "அண்ணை, ஆர் இவையள்?"

பத்திநாதர் கேட்காதவர்போல நேரே பார்த்தபடி நின்றார்.

"தம்பியோடை வாசிச்சவை, மாமா," என்றாள் வினோஜா. "தம்பி பாட்டுக்காரன். இருபது வருசமா இஞ்சைதான் பாடினவன்."

நீக்கிலாப்பிள்ளை நிமிர்ந்து பத்திநாதரின் முகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலிக்குப் போய்விட்டார்.

முதல் பாட்டு முடிந்ததும் ஜினெத் வந்து பத்திநாதரின் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப்போனாள். அவருடைய உள்ளங்கையை பேஸ் வாத்தியத்தின் பக்கப் பலகையில் வைத்து, அப்படியே இருக்கட்டும் என்று கண்ணால் காட்டினாள்.

அடுத்தது ரதீசன் எழுதிய பாட்டாம். ஹொக்கிப் பயிற்சிக்குப் போகும் விடியற்காலைக் குளிரில், பின்னிருக்கையில் நித்திரை கொள்ளும் பெடியனை எழுப்பாமல், கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும் ஒரு மனிதனைப் பற்றி ஒரு இளைஞன் பிரெஞ்சில் பாடினான். பத்திநாதர் முகத்தை அசைக்காமல் நின்றார். கைக்குக் கீழே மரம் அதிர்ந்தது.

பாட்டு நின்றது. ஜினெத் வில்லைத் தாழ்த்தினாள். அவர் கையை எடுக்கவில்லை.