உப்பிட்ட பனிக்கட்டி

1953ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை. வானம் வெளுத்திருந்தது, கடற்காற்று இன்னும் எழவில்லை, காலையிலேயே இராயபுரத்துத் தெருக்களில் புழுக்கம் மிகுந்திருந்தது.

அன்று ஸ்டானிஸ்லாஸ் மருத்துவச் சோதனைக்குப் புறப்பட்டான். துறைமுகத்தில் பாரந்தூக்கிகளுக்குக் கயிறு கட்டுவது அவன் தொழில். தூக்கியின் உச்சிக்கு அவன் தடுமாறாமல் ஏறியதைக் கண்ட கிருஷ்ணப்பன் என்னும் கல்லூரி ஆசிரியர், தாம் அமைத்திருந்த இமயமலை ஏறும் குழுவில் கயிறுகளைக் கவனிக்க அவனைச் சேர்த்துக்கொண்டார். அத்தனை உயரம் ஏறுவது அக்குழுவினர் அனைவருக்கும் அதுவே முதன்முறை. மருத்துவர் இசைந்தால் அடுத்த மாதம் இரயிலேறலாம்; இசையாவிட்டால் அவ்விடம் வேறொருவருக்குப் போய்விடும். பிறர் ஏறிச் செல்லும் கப்பல்களுக்கே இதுவரை சரக்குக் கட்டிக்கொடுத்து வந்த ஸ்டானிஸ்லாஸுக்கு, தான் புறப்பட்டுப் போவதற்கென்று வாய்த்த வழி அஃதொன்றே.

குளிரைத் தாங்கப் பழகிக்கொள்ளுமாறு கிருஷ்ணப்பன் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். சென்னையில் குளிருக்கு எங்கே போவது? மீனுக்குப் பனிக்கட்டி உடைக்கும் கிடங்கில் அவன் தோழன் கமாலுதீன் வேலை பார்த்தான். ஸ்டானிஸ்லாஸ் மாலைதோறும் அங்கே சென்று, ஒரு மீன்பெட்டியில் பனிக்கட்டியை நிரப்பி, அதனுள் வெறுங்காலுடன் நிற்கலானான். சில நாளில் அது போதாதென்று தோன்றியது. வெளியூருக்கு அனுப்பும் மீனுக்குக் குளிர்ச்சி கூடுவதற்காக உப்புக் கலப்பார்கள். அவனும் உப்பை அள்ளிப் போட்டான்.

“இன்னா மாமு, வஞ்சரம்னு நெனச்சி எவனாச்சும் ஒன்ன ஏலத்துல எட்துகினு பூடப் போறான்,” என்றான் கமாலுதீன். பிறகு அவன் குரல் தாழ்ந்தது. “உப்பு போட்ட ஐசு கடிக்கும்பா. மீனுக்கு உசுரு இல்ல, தாங்குது. ஒனக்கு கீதே.”

மலையில் இதனினும் கடுங்குளிர் என்று விடை கூறிவிட்டு, ஸ்டானிஸ்லாஸ் பெட்டியிலேயே நின்றான். முதலில் வலித்தது. பிறகு எரிந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாமையைப் பயிற்சியின் பலன் என்று அவன் கொண்டான். விரல் நுனிகள் கறுத்தபோதும், கயிறு இழுத்துக் கை காய்த்ததுபோலக் காலும் காய்த்துவிட்டது என்றே எண்ணினான்.

அவன் மனைவி ஃப்ளோரா அக்கால்களைக் கண்டாள். அதுவோ தபசு காலம். பெரிய வெள்ளிக்கு முந்தைய அந்நாட்களில் இராயபுரத்துக் கத்தோலிக்கர் ஒருவர் இறைச்சியை விடுவார். மற்றொருவர் செருப்பின்றிக் கோவிலுக்கு நடப்பார். ஒறுத்தல் என்பது அதன் பெயர். அதனைச் செய்பவரிடம் அதுபற்றி வினவுவது முறையன்று. ஆகவே அவள் வினவவில்லை. அண்டை வீட்டுச் சிலுவையம்மாளிடம் மட்டும், தன் கணவன் இவ்வருடம் கடுமையான ஒறுத்தல் செய்கிறான் என்று சற்றுப் பெருமிதத்துடன் சொல்லிவைத்தாள். யாரும் கேளாததால் அவனும் சொல்லவில்லை.

மருத்துவர் தேவப்பிரியம் அவனது மார்பையும் மூச்சையும் சோதித்து மனநிறைவடைந்தார். கிருஷ்ணப்பன் நாற்காலியில் அமர்ந்திருந்தார். ஃப்ளோரா கதவருகே நின்றாள். மருத்துவர் காலணியைக் கழற்றச் செய்து, ஊசியால் பெருவிரலைக் குத்தி, வலிக்கிறதா என்று கேட்டார்.

“இல்லீங்க.”

அடுத்த விரலைக் குத்தினார்.

“அதுவும் இல்லீங்க. எவ்ளோ வோணா குத்துங்க டாக்டர், ஒண்ணும் தெரியாது.”

மருத்துவர் ஊசியைக் கீழே வைத்தார். கால்களை என்ன செய்தாய் என்று வினவினார். அவன் எதையும் மறைக்காமல் கூறினான். சதை செத்துவிட்டது என்றும், மூன்று விரல்களை எடுக்க நேரும் என்றும், மலைக்குப் போனால் பாதமே போய்விடும் என்றும் அவர் நிதானமாக எடுத்துரைத்தார்.

ஸ்டானிஸ்லாஸ் தன் காலைப் பார்த்தான். அது வேறு யாருடையதோ போல் இருந்தது.

“வலியே இல்லீங்களே,” என்றான்.

“வலிச்சிருந்தா அனுப்பியிருப்பேன்.”

ஃப்ளோரா அருகே வந்து, அவன் காலைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். “சாமிக்கோசரம் நீ பண்றேன்னு நெனச்சிகினு இருந்தேன்யா. அதான் வாயத் தொறக்கல.”

வருத்தம் வரும் என்று ஸ்டானிஸ்லாஸ் காத்திருந்தான், அது வரவில்லை. ஒரு காலில் காலணியுடனும் மறுகாலில் ஒன்றுமில்லாமலும் அமர்ந்திருந்தான். கிருஷ்ணப்பன் அவன் தோளில் சிறிது நேரம் கை வைத்திருந்துவிட்டு, வேறோர் ஆளைப் பார்க்க வெளியே சென்றார்.

அப்பொழுது மணி முற்பகல் பதினொன்று பத்து.