பட்டாளத்துக்கு ஒரு ஸ்தோத்திரம்

வருஷம் தவறாமல் டிசம்பரில் ஜேசுபாதம் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை படைப்பார். காரணம் சபைக்கே தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் வடமேற்கு எல்லை மலைகளில் சண்டை போட்ட 'எல்லைப் பட்டாளம்' என்ற காலாட்படையில் அவர் சமையல்காரர். ஒரு டிசம்பரில், கணவாயில் தொடையில் குண்டு பாய்ந்து கிடந்தவரை குல்சார் கான் என்ற பட்டாணிச் சிப்பாய் முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினான். "நீ செத்தா எனக்கு ரொட்டி எவம்லே சுடுவான்" என்று வழியெல்லாம் வைதுகொண்டே வந்தானாம்.

பிரிவினையில் அந்தப் பட்டாளத்தையும் பிய்த்துப் பங்கு வைத்தார்கள். சீக்கியர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். பட்டாணியர்கள் கொடியோடும் பேரோடும் பாகிஸ்தானுக்குப் போனார்கள். ஜேசுபாதம் தூத்துக்குடிக்கு வந்து துறைமுகத்தில் உப்பு மூட்டை சுமந்தார். காணிக்கையை மட்டும் நிறுத்தவில்லை.

எழுபத்தொன்று டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டது. மாதப் பிறப்பிலேயே வழக்கம்போல் காணிக்கையை உபதேசியார் எஸ்றாவிடம் கொடுத்திருந்தார். அப்புறம்தான் தந்தி வந்தது. மேற்கு எல்லையில் சிப்பாயாயிருந்த மகன் ஜெபசீலன் செத்துப்போனான். ஒரே பிள்ளை. காணிக்கை கொடுத்ததே ஜேசுபாதத்துக்கு மறந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எஸ்றா வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டார்: "எல்லைப் பட்டாளத்துச் சிப்பாய்களைக் கொண்டு தம்மைக் காப்பாற்றின கர்த்தருக்கு ஜேசுபாதம் குடும்பத்தார் ஸ்தோத்திரம். அந்தச் சிப்பாய்களைக் கர்த்தர் எத்தீங்கும் அணுகாமல் காப்பாராக."

சபையும் பழக்கத்தில் ஆமென் சொன்னது. அந்தப் பட்டாளம் இப்போது எதிரிப் பக்கம் என்பது சொன்ன பிறகுதான் விளங்கியது. ஜேசுபாதத்தின் பெண்சாதி கிருபாபாய் எழுந்து வெளியே போய்விட்டாள்.

சாயங்காலம் எஸ்றா ஜேசுபாதத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அண்ணாச்சி, எம் புத்தியச் செருப்பால அடிக்கணும். இனிமே அத வாசிக்கவா, நிறுத்திரவா?"

ஜேசுபாதம் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து கிருபாபாய் கேட்டாள். "எம்புள்ளயச் சுட்டவனுவளுக்கு இன்னும் என்ன ஸ்தோத்திரம்?"

"ஏளா, அவனுவதான்னு யாரு கண்டா?"

"அவனுவ இல்லன்னு நீங்க கண்டீங்களா?"

"அந்த மனுசன் அன்னைக்கித் தூக்கலன்னா நம்ம ஜெபசீலனே இல்லளா."

"தூக்காமலே போயிருக்கலாம்."

எஸ்றா செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிருபாபாய்தான் கேட்டாள். "அந்த ஆளுக்குப் பிள்ள உண்டுமா?"

"ஒரு பய உண்டு. நம்ம பயலவிட ஒரு வயசு மூப்பு."

"என்ன வேல பாக்கான்?"

"அங்கன அப்பன் இருந்த பட்டாளத்துலதான் மவனையும் சேப்பாவ. அதான் அவங்க வழக்கம்."

"அப்ப அவனும் சண்டைக்கு வந்திருப்பான்."

"வந்திருப்பான்."

"இருக்கானா, செத்தானா?"

"தெரியலளா."

கிருபாபாய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். யாரை நினைத்து அழுகிறாள் என்று ஜேசுபாதத்துக்குப் பிடிபடவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்தினாள்.

"நிறுத்தச் சொல்லுங்க. அவனுக்கு அவனப் பெத்தவ ஜெபிப்பா. எனக்கு ஏலாது."

ஜேசுபாதம் வாசலுக்குத் திரும்பினார்.

"நிறுத்திரும், உபதேசியாரே" என்றார்.