மைனஸ் ஒன்றரை

"பெட்டியை நீ தூக்கிட்டு வா. கையெழுத்தை நான் போட்டுக்கறேன்."

"அளக்கிறது நான்தானே, சார்?"

"அதுக்கென்ன இப்போ? ஜெரோப்போட அம்மா, பிள்ளை பாலுக்கு அழும், வீட்டுக்குக் கிளம்பு."

நான்கு வருடங்களுக்கு முன்னால், மானிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்த என்னிடம் மேற்பார்வையாளர் லாங்கட் சொன்னது. கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிட்டேன். அந்தக் கோபத்தோடுதான் இன்று மேனேஜர் அறையில் விசாரணைக்கு வந்திருந்தேன்.

எதிரே என் கணவன் கிப்ங்கேனோ நின்றிருந்தான். இடது கை முழங்கை வரை கட்டு. கென்யாவின் கெரிச்சோவில் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் பாய்லரை ஓட்டுபவன் அவன். வெள்ளிக்கிழமை பாதுகாப்பு வால்வு திறந்து ஆவி பீறிட்டதில் கை வெந்துபோனது. அளவுக்கு மீறி எரித்தான் என்று வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள்.

"தூங்கிட்டான் மேடம்," என்றார் லாங்கட். "முள் எங்கே போச்சுன்னே பார்க்கல."

"முள் பத்து பார்லதான் நின்னுச்சு," என்றான் கிப்ங்கேனோ.

"பதினொண்ணுக்கு மேல திறக்குற வால்வு பத்துல எதுக்கப்பா திறக்குது? உன்னைப் பார்த்த சந்தோஷத்துலயா?"

யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

பாய்லரிலிருந்து கழற்றி வைத்திருந்த அழுத்தமானி மேசையில் கிடந்தது. விபத்துக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, நான் குழந்தையோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோது லாங்கட் தானே அதைச் சோதித்து, முள்ளைத் திருத்தி, கையெழுத்தும் போட்டிருந்தார்.

"மேடம், நான் ஒருதடவை அளந்து பார்க்கிறேன்," என்றேன். மேனேஜர் நெகேசா தலையசைத்தார். லாங்கட் பெட்டியின் சாவியை மேசையில் விட்டெறிந்தார்.

பெட்டியைத் திறந்து, மானிகள் சரியா என்று சோதிக்கும் கருவியான காலிபரேட்டரை எடுத்து வைத்தேன். ஹோஸை மாட்டவில்லை, பம்பைத் தொடவில்லை. சுவிட்சை மட்டும் போட்டேன்.

மைனஸ் 1.5.

"மேடம், இதுல இப்போ ஒண்ணுமே மாட்டல. வெறும் காத்து. சைபர் காட்டணும்."

"பேட்டரி தீர்ந்திருக்கும்," என்றார் லாங்கட்.

"பேட்டரி முழுசா இருக்கு, திரையில பாருங்க. உள்ளே ஒன்றரை பார் அழுத்தம் சிக்கியிருக்கும்போதே சைபர் பட்டனை அமுக்கியிருக்கீங்க. வெளியே விடுற வால்வைத் திறக்கவே இல்ல. இந்தப் பொய்யை நம்பித்தான் நல்லா இருந்த முள்ளைக் கீழே இறக்கினீங்க."

பட்டனை அமுக்கினேன். இப்போது உண்மையான சைபர். அழுத்தமானியையும் காலிபரேட்டரையும் கைப்பம்பில் பொருத்தி அடித்தேன். முள் பத்துக்கு வந்தது. கிப்ங்கேனோ நெருங்கி வந்து, தினமும் பாய்லரடியில் செய்வதுபோல, நல்ல கையின் நகத்தால் கண்ணாடியைத் தட்டினான். முள் அசையவில்லை. பத்துதான்.

காலிபரேட்டர் 11.5 என்றது.

நெகேசா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மேசையில் கிடந்த வேலைநீக்கக் கடிதத்தைக் கிழித்தார். "கை ஆறினதும் வேலைக்கு வாங்க, கிப்ங்கேனோ."

"தப்பு யாருக்குத்தான் வராது?" லாங்கட் என் கணவனின் பக்கம் திரும்பவே இல்லை. "சரி, பெட்டியைக் கட்டு. சாவியைக் கொடு." பழக்கம்போலக் கையை நீட்டினார்.

சாவியை என் உள்ளங்கையில் இறுக்கினேன். அந்தக் கட்டுப்போட்ட கையைப் பார்த்தேன். நான்கு வருடங்களுக்கு முன்னால் வாயைத் திறந்திருக்கலாம்.

"மேடம், இந்தச் சாவி இனிமே என்கிட்ட இருக்கட்டும். நான் அளந்ததுக்குக் கீழே நானே கையெழுத்துப் போடணும்."